நம்பிக்கைகளும் உண்மைகளும்: தூளிக்குள் செல்போன் எதற்கு?

“மொசார்ட் கேட்டால் குழந்தை புத்திசாலியாகும்”

இந்த நம்பிக்கைக்குப் பிறந்த வருடமே உண்டு: 1993. அமெரிக்காவின் இர்வைன் நகரிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 36 கல்லூரி மாணவர்களுக்கு, மொசார்ட் இரண்டு பியானோக்களுக்காக எழுதிய ஒரு சொனாட்டாவைப் பத்து நிமிடம் போட்டுக் காட்டினார்கள். பிறகு, மடித்து வெட்டிய காகிதத்தைப் பிரித்தால் எப்படி இருக்கும் என்பது போன்ற கணக்குகளைக் கொடுத்தார்கள். சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு எழுதியபோது வாங்கியதைவிடக் கொஞ்சம் அதிக மதிப்பெண் வாங்கினார்கள். கால் மணி நேரத்துக்குள் அந்தக் கூடுதலும் கரைந்துபோனது. ‘நேச்சர்’ இதழில் வந்த அந்தச் சிறு கட்டுரையில் கைக்குழந்தைகளைப் பற்றி ஒரு சோதனையும் இல்லை.

ஆனால் செய்திக்குக் கால் முளைத்துவிட்டது. 1998-ல் ஜார்ஜியா மாநில ஆளுநர் ஜெல் மில்லர், தன் மாநிலத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு செவ்வியல் இசைத்தட்டு கொடுக்க 1,05,000 டாலர் ஒதுக்கச் சொன்னார். சட்டமன்றத்திலேயே பீத்தோவனைப் போட்டுக் காட்டினார். அரசு வாங்கித் தருகிறதென்றால் ஏதோ இருக்கத்தானே வேண்டும் என்று தாய்மார்கள் நினைத்ததில் தப்பில்லை. 2010-ல் வியன்னா பல்கலைக்கழகத்தார் அதுவரை நடந்த சுமார் நாற்பது ஆய்வுகளை, ஏறத்தாழ மூவாயிரம் பேரின் முடிவுகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மொசார்ட்டுக்கென்று தனி மகிமை எதுவும் தென்படவில்லை. எந்த இசையானாலும் கேட்டவுடன் கொஞ்சம் சுறுசுறுப்பு வருகிறது, அவ்வளவுதான். வியன்னா மொசார்ட் வாழ்ந்து மறைந்த ஊர் என்பதால் இதில் பொறாமைக்கும் இடமில்லை!

நம்மூரில் மொசார்ட்டின் இடத்தில் வீணையும், ‘ஞாபக சக்திக்கான ராக’மும் யூடியூபில் உட்கார்ந்திருக்கின்றன. கர்ப்பிணியின் வயிற்றில் ஹெட்ஃபோனை வைப்பவர்களும் உண்டு. கருவிலிருக்கும் சிசுவுக்குக் கடைசி மூன்று மாதங்களில் காது கேட்கும் என்பது உண்மை. 1986-ல் வெளியான ஓர் ஆய்வில், பிரசவத்துக்கு முந்தைய ஆறு வாரம் தாய்மார்கள் ஒரே கதையைத் தினமும் உரக்க வாசித்தார்கள். பிறந்த குழந்தைகள் முன்பின் கேட்காத கதையைவிட அந்தக் கதையைக் கேட்கவே அதிக ஆர்வம் காட்டின. பழகிய ஒலியை அடையாளம் தெரிகிறது என்று பொருள். அதனால் அறிவு கூடியது என்று அந்த ஆய்வாளர்களே சொல்லவில்லை. வயிற்றுக்குள் எப்படியும் எட்டுகிற அம்மாவின் குரலுக்கு ஹெட்ஃபோன் தேவையுமில்லை.

“எனக்குப் பாட வராது, செல்போனில் நல்ல தாலாட்டு இருக்கிறது”

இப்படிச் சொல்லாத அப்பாக்களைப் பார்ப்பது அரிது. அம்மாக்களிலும் பாதிப் பேர் சுருதி சேராது என்று கூச்சப்படுகிறார்கள். கேட்கப் போகிறவருக்கு எட்டு மாதம். அவர் சபாவில் விமர்சனம் எழுதுவதில்லை.

மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் 2015-ல் வெளியான ஓர் ஆய்வில் ஆறிலிருந்து ஒன்பது மாதம் வரையான குழந்தைகளுக்குப் பேச்சையும் பாட்டையும் ஒலிபரப்பி, எவ்வளவு நேரம் அழாமல் இருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். பாட்டு துருக்கிய மொழியில். எந்தக் குழந்தைக்கும் அது பழக்கமில்லை. பேச்சுக்கு நான்கு நிமிடம் சொச்சம் தாங்கியவர்கள், பாட்டுக்கு ஒன்பது நிமிடம் தாங்கினார்கள். இது பதிவு செய்த பாட்டுதானே, செல்போனும் போதுமே என்று நீங்கள் கேட்கலாம். ஒன்பது நிமிடம் அடுப்பைப் பார்க்க வேண்டுமென்றால் போதும்தான். ஆனால் செல்போன் குழந்தையைப் பார்ப்பதில்லை. கண் சொருகும்போது குரலைத் தாழ்த்தவும், திடுக்கிட்டு விழிக்கும்போது விட்ட இடத்திலிருந்து எடுக்கவும், பாட்டுக்குள் இவள் பெயரை நுழைக்கவும் அதற்குத் தெரியாது. நம் தாலாட்டே அப்படி அங்கங்கே இட்டுக்கட்டியதுதானே. மாமன் கொண்டுவரும் சீரும், யார் அடித்து அழுகிறாய் என்ற விசாரணையும் வீட்டுக்கு வீடு மாறும். அதைப் பாடிய எந்த ஆச்சியும் பாட்டு வகுப்புக்குப் போனவரல்ல.

செல்போனைத் தூளிக்குள்ளேயே போட்டுவிடுகிற வழக்கத்தை மட்டும் இன்றே நிறுத்துங்கள். ஒலி வரும் இடத்துக்கும் காதுக்கும் உள்ள தூரம் பாதியானால் சத்தம் ஏறக்குறைய 6 டெசிபல் ஏறும். கைநீட்டும் தூரத்தில் மெல்லக் கேட்கிற பாட்டு, தலைமாட்டில் கிடக்கும்போது குழந்தைக்கு மெல்லிய பாட்டாக இருக்காது.

“ரைம்ஸ் வீடியோ பார்த்து எவ்வளவு வார்த்தை பேசுகிறான் தெரியுமா?”

இதைச் சொல்லும்போது பெற்றோர் முகத்தில் தெரியும் பெருமையைக் கெடுக்க மனம் வராது. ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

1990-களில் அமெரிக்காவில் ‘பேபி ஐன்ஸ்டைன்’ என்ற பெயரில் கைக்குழந்தைகளுக்கான வீடியோக்கள் வந்து சக்கைப்போடு போட்டன. 2001-ல் டிஸ்னி அந்த நிறுவனத்தை வாங்கியது. கல்வி என்ற பெயரில் விற்பதைக் குழந்தை நல அமைப்புகள் தட்டிக் கேட்டன. 2009-ல் டிவிடி வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாக டிஸ்னி அறிவித்தது. அடுத்த ஆண்டு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஜூடி டெலோக் குழுவினர் ஒரு தெளிவான சோதனையை வெளியிட்டார்கள். ஒன்று முதல் ஒன்றரை வயது வரையான குழந்தைகள் ஒரு மாதம் சொல் கற்பிக்கும் வீடியோ பார்த்தார்கள். இன்னொரு கூட்டத்துக்கு வீடியோ கிடையாது. அதே சொற்களின் பட்டியலை மட்டும் பெற்றோர் கையில் கொடுத்து, அன்றாட வேலைகளுக்கு நடுவே உங்களுக்குத் தோன்றியபடி சொல்லிக் கொடுங்கள் என்றார்கள். மாத முடிவில் வீடியோ பார்த்தவர்கள், வீடியோவோ பட்டியலோ கிடைக்காத மற்றக் குழந்தைகளைவிட ஒரு சொல்கூடத் தேறவில்லை. பெற்றோர் வாயால் கேட்டவர்கள்தான் அதிகம் கற்றிருந்தார்கள். இதில் எனக்குப் பிடித்த பகுதி வேறு: வீடியோவை மிகவும் ரசித்த பெற்றோர், தங்கள் பிள்ளை அதிலிருந்து நிறையக் கற்றுக்கொண்டதாக நம்பியிருந்தார்கள்.

அப்படியானால் நம் வீட்டுப் பையன் பேசுகிற வார்த்தைகள்? அவனுக்கு மூன்று நான்கு வயதென்றால் வீடியோவிலிருந்தும் கொஞ்சம் எடுத்திருப்பான். ஒன்றரை வயதென்றால், பெரும்பாலும் பக்கத்தில் உட்கார்ந்து ‘அங்க பாரு, மாடு!’ என்று சொன்ன உங்களிடமிருந்து எடுத்தது. சியாட்டிலில் பாட்ரிசியா குல் 2003-ல் வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் கூர்மையாகக் காட்டியது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீனமொழி பேசுபவர்கள் பன்னிரண்டு முறை நேரில் உட்கார்ந்து விளையாடிப் படித்துக் காட்டினார்கள். குழந்தைகளுக்கு அம்மொழியின் நுட்பமான ஒலி வேறுபாடுகள் பிடிபட்டன. அதே ஆட்கள், அதே புத்தகங்கள், டிவி வழியாக வந்தபோது ஒன்றும் பிடிபடவில்லை.

இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதலும் ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையைப் பரிந்துரைக்கவில்லை. இரண்டு வயதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கிறது. விலக்கு உண்டு: வீடியோ கால். துபாயிலிருந்து பேசும் தாத்தா பேரனின் சிரிப்புக்குப் பதில் சிரிக்கிறார், அவன் காட்டிய பொம்மையின் பெயரைச் சொல்கிறார். இரண்டு வயதுக் குழந்தைகள் இப்படிப் பதில் சொல்கிற திரையிலிருந்து புதுச் சொல் கற்கிறார்கள், பதிவு செய்த திரையிலிருந்து கற்பதில்லை என்று 2014-ல் வெளியான ஆய்வு காட்டியது.

மேலே பார்த்த மூன்று நம்பிக்கைகளும், பெரியவர்கள் எழுந்து போகலாம் என்று அனுமதிச் சீட்டு எழுதித் தருகின்றன. அவை இவ்வளவு பரவியதற்குக் காரணம் அதுதான் என்று எனக்குப் படுகிறது. களைத்துப்போன தாய்க்கு அந்தச் சீட்டு சில நேரம் தேவைதான். அதை வாங்கிக்கொள்ளட்டும், குற்றமில்லை. கல்வி என்று மட்டும் அதற்குப் பெயர் வைக்க வேண்டாம்.

“சினிமாப் பாட்டு கெடுத்துவிடும், சாஸ்திரிய சங்கீதம்தான் நல்லது”

இரண்டு வயதுக்காரருக்கு இந்த ஜாதி பேதம் கிடையாது. பறையும் நாதஸ்வரமும் இளையராஜாவும் எம்.எஸ். சுப்புலட்சுமியும் எல்லாமே அவருக்குப் புதிது. பாட்டின் வரிகள் உங்களுக்குக் கூச்சம் தந்தால் போடாதீர்கள். அது உங்கள் ரசனை பற்றிய விஷயம்.

எந்தப் பாட்டு என்பதைவிட, கேட்கும்போது உடம்பு என்ன செய்கிறது என்பது முக்கியம். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2005-ல் ஏழு மாதக் குழந்தைகளுக்கு அழுத்தமே இல்லாத ஒரே சீரான தாளத்தை ஒலிக்கவிட்டார்கள். சிலரைத் தூக்கி இரண்டாம் தட்டுக்கு ஒரு தரம் குதிக்க வைத்தார்கள், சிலரை மூன்றாம் தட்டுக்கு. பிறகு பார்த்தால், குழந்தைகள் தாங்கள் குதித்த கணக்கில் அழுத்தம் விழும் தாளத்தையே விரும்பிக் கேட்டன. மற்றவர் குதிப்பதை வெறுமனே பார்த்த குழந்தைகளிடம் இந்த விருப்பம் வரவில்லை. தாளத்தை உடம்புதான் காதுக்குச் சொல்லித் தருகிறது.

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் இதை ஆய்வில்லாமலே கவனித்திருக்கிறார்கள். தலையசைத்து ஆடும் செங்கீரை ஐந்தாம் மாதம், கை கொட்டும் சப்பாணி ஒன்பதாம் மாதம், நடந்து வரச் சொல்லும் வாரானை அதற்குப் பின். பாட்டும் அசைவும் ஒன்றாகவே வளர்கின்றன. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையலறையில் நீங்கள் போடும் ஆட்டம் நல்ல சங்கீதப் பயிற்சிதான். தாளம் தப்பினால் திருத்தாதீர்கள். இந்த வயதில் தப்பத்தான் செய்யும்.

“இரண்டு வயதில் வகுப்பில் சேர்த்தால்தான் ஞானம் வரும்”

1969-ல் சென்னை மியூசிக் அகாடமியில் நூற்றுக்கணக்கான ராகங்களை இரண்டு வயதில் அடையாளம் சொன்ன சித்திரவீணை ரவிகிரணை உதாரணம் காட்டுவார்கள். அவருக்கு வாய்த்தது வகுப்பல்ல. தந்தை நரசிம்மனே ஆசிரியர், வீடு முழுக்கச் சங்கீதம். அதோடு, விதிவிலக்கை வைத்து விதி எழுத முடியாது. நான்கு வயதுக் குழந்தைகளை இசை வகுப்பில் சேர்த்துப் பார்த்த ஹார்வர்ட் ஆய்வில் (2013) கணக்கிலோ மொழியிலோ நம்பும்படியான முன்னேற்றம் தெரியவில்லை. பாட்டு பாட்டுக்காகவே இருந்துவிட்டுப் போகட்டுமே!

“எழுத்து தெரிந்த பிறகுதானே புத்தகம்?”

இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2014-ல், கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே உரக்கப் படித்துக் காட்டும்படி பெற்றோருக்கு எடுத்துச் சொல்லுங்கள் என்று தன் மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. ‘அ, ஆ’ கற்பிப்பதற்காக அல்ல. படம், மடி, பேச்சு மூன்றும் ஒரே நேரத்தில் கிடைக்கும் இடம் புத்தகத்தைத் தவிர வேறு அதிகமில்லை என்பதற்காக.

தமிழ் வீட்டுக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. புத்தகத்தில் ‘யானை ஆற்றில் இறங்கிக் குளித்தது’ என்றிருக்கிறது. வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. எழுதியபடியே படித்தால் செய்தி வாசிப்பது போல இருக்கிறது, குழந்தை எழுந்து ஓடுகிறது. ‘நம்ம பிள்ளைக்குத் தமிழ்ப் புத்தகம் பிடிக்கல’ என்று ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறார்கள். பிடிக்காமல் போனது தமிழ் அல்ல, வாசித்த விதம். ‘யானை ஆத்துல எறங்குச்சு, தொபுக்கடீர்னு விழுந்துச்சு’ என்று உங்கள் ஊர்த் தமிழில் சொல்லுங்கள். நெல்லைத் தமிழோ கொங்குத் தமிழோ யாழ்ப்பாணத் தமிழோ, வீட்டுத் தமிழ் எதுவோ அது. கதை பழகியபின் எழுதியிருக்கும் வரியையும் ஒருமுறை படித்துக் காட்டுங்கள். பேச்சில் வராத சொற்கள் புத்தகத்தில்தான் வரும். நூறு ஆங்கிலப் படப் புத்தகங்களைப் பெற்றோரின் பேச்சோடு ஒப்பிட்ட 2015 ஆய்வும் அதையே கண்டது. பள்ளியில் சந்திக்கப் போகும் எழுத்துத் தமிழுக்குக் காது இங்கேயே பழகிக்கொள்ளும்.

முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை போயாக வேண்டும் என்பதும் இல்லை. புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து நாய்ப் படத்தில் மட்டும் நிற்கிறாளா? நாயைப் பற்றியே பேசுங்கள். ‘நாய் என்ன பண்ணுது?’ என்று கேட்டு, அவள் ‘வவ்வவ்’ என்றால், ‘ஆமா, கறுப்பு நாய் குலைக்குது’ என்று கொஞ்சம் நீட்டிச் சொல்லுங்கள். 1988-ல் அமெரிக்காவில் குரோவர் வைட்ஹர்ஸ்ட் இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளின் பெற்றோருக்குச் சொல்லிக் கொடுத்தது இந்த முறையைத்தான். ஒரே மாதத்தில், வழக்கம்போல வாசித்த வீட்டுக் குழந்தைகளைவிட இவர்கள் பேச்சில் தெளிவாக முன்னே போயிருந்தார்கள்.

“ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறான், புதிது எதையும் கற்கமாட்டான்”

உங்களுக்குச் சலிப்பது நியாயம். அவனுக்குச் சலிக்கவில்லை. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 2011-ல் மூன்று வயதுக் குழந்தைகளிடம் சோதித்தார்கள்: ஒரே கதையில் வந்த புதுச் சொற்களைப் பலமுறை கேட்டவர்கள், அதே சொற்களை வேறுவேறு கதைகளில் அதே எண்ணிக்கையில் கேட்டவர்களைவிட நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். கதை தெரிந்திருப்பதால் கவனம் சொல்லின் மேல் போகிறது.

“புத்தகம் கொடுத்தால் கிழிக்கிறது, கடிக்கிறது”

கடிக்கும். ஒரு வயதுவரை எதையும் வாயால்தான் ஆராயும். தாளை ஒவ்வொன்றாகத் திருப்ப விரல் பழக இரண்டு வயதாகும். அதற்கு முன் இழுக்கிற இழுப்பில் கிழிவது வேண்டுமென்று செய்வதல்ல. கெட்டி அட்டைப் புத்தகங்கள் இதற்காகவே வந்தவை. ஆங்கிலத்தில் கிடைக்குமளவுக்குத் தமிழில் இல்லை என்பது உண்மையான குறை. பதிப்பாளர்கள் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். ஆனாலும் சென்னை தூலிகா 1996 முதல் தமிழிலும் இருமொழியிலும் படப் புத்தகங்கள் போடுகிறது. நேஷனல் புக் டிரஸ்டில் விலை கையைக் கடிக்காது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம்; செல்போனில் காட்டாமல் அச்செடுத்துக் கொடுங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூலகத்திலும் மதுரை கலைஞர் நூலகத்திலும் குழந்தைகளுக்குத் தனிப் பகுதி உண்டு. எதுவும் அருகில் இல்லையென்றால், பிளாஸ்டிக் உறை போட்ட பழைய போட்டோ ஆல்பத்தில் அத்தை, மாமா, பக்கத்து வீட்டுப் பூனை என்று படங்களைச் செருகுங்கள். எச்சில் பட்டால் துடைத்துக்கொள்ளலாம். பின் அடித்த மெல்லிய புத்தகமானால், கொடுப்பதற்கு முன் பின்னைக் கழற்றிவிட்டு நடுவில் நூலால் தைத்துவிடுங்கள்.