‘வருத்தம்’ என்ற ஒரு சொல்

அடையாற்றில் நான் பணியாற்றும் பள்ளியில் ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன். அவனுடைய அம்மா 2006இல் போர் மீண்டும் மூண்டபோது இலங்கையிலிருந்து வந்தவர். மருத்துவக் குழு வருமுன் பெற்றோரிடம் விவரம் கேட்க ஒரு படிவத்தை நாங்களே தயாரித்திருந்தோம். ‘பிள்ளை அடிக்கடி வருத்தமாக இருப்பதுண்டா?’ என்ற கேள்விக்கு அவர் ‘ஆம்’ என்று குறித்திருந்தார். டைபாய்டு, மஞ்சள் காமாலை, வீசிங் மூன்றுக்கும் ‘இல்லை’.

பையனைத் தனியே அழைத்து, வீட்டில் ஏதேனும் கவலையா என்று கேட்டேன். அவன் விழித்தான். மூன்று மாதம் கழித்துக் கபடிப் பயிற்சியில் மூச்சு வாங்கமுடியாமல் உட்கார்ந்துவிட்டான். ஓடிவந்த அம்மா சொன்னார்: “அவனுக்குச் சின்னனிலேயிருந்து முட்டு வருத்தம், டீச்சர். ஓம் எண்டுதானே போட்டனான்?”

இலங்கைத் தமிழில் வருத்தம் என்றால் நோய். நமக்கு அது மனத்துயரம். முட்டு என்பது இழுப்பு. அதன்பிறகு அவரிடமே உட்கார்ந்து கேட்டுக் குறித்துக்கொண்டேன்: டைபாய்டு அவருக்கு நெருப்புக்காய்ச்சல், மஞ்சள் காமாலை செங்கண்மாரி, வாந்தி சத்தி, ஜலதோஷம் தடிமன், பேதி வயிற்றோட்டம். வேற்றுமொழி என்றால் மொழிபெயர்த்திருப்போம். ஒரே மொழி என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அகதிகளிடம் உலகெங்கும் பயன்படுத்தப்படும் ஹாப்கின்ஸ் அறிகுறிப் பட்டியலில், சோகத்தைக் குறிக்க ‘நீலமாக உணர்தல்’ என்ற ஆங்கில வழக்கு வருகிறது. சொல்லுக்குச் சொல் மாற்றினால் ரஷ்யம் பேசுவோருக்கும் நமக்கும் அது பொருள்படாது. இத்தகைய பிழையைப் பிடிக்க, மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் மொழிபெயர்ப்பைக் கொடுத்து மீண்டும் மூலமொழிக்குத் திருப்பச் சொல்வார்கள். நல்ல முறைதான். ஆனால் எங்கள் படிவத்தை அது காப்பாற்றியிருக்காது. சென்னைக்காரர் யார் திருப்பியிருந்தாலும் வருத்தம் சோகமாகவே திரும்பியிருக்கும்.

எங்களுக்கு உதவியது வேறு. நான்கைந்து பெற்றோரிடம் கேள்வியை வாசித்து, “இதில் என்ன கேட்கிறோம், உங்கள் சொல்லில் சொல்லுங்கள்” என்றோம். இந்தி பேசும் ஒரு தந்தையிடம் இன்னொன்றும் தெரிந்தது: ‘கல்’ என்பது அவர் மொழியில் நேற்றுக்கும் நாளைக்கும் ஒரே சொல். ஆகவே நாள் கேட்கும் கேள்விகளுக்கு நாட்காட்டியைக் காட்டுகிறோம். ‘வருத்தம்’ கேள்வியை இரண்டாக உடைத்தோம்: ‘அழுகிறானா, யாரிடமும் பேசாமல் இருக்கிறானா?’ என்று ஒன்று. ‘அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகிறதா?’ என்று மற்றொன்று. நோய்ப்பெயருக்குப் பதில் அறிகுறியைக் கேட்கிறோம்: ‘ஓடும்போது நெஞ்சில் விசில் சத்தம் வருமா?’

சொல் மட்டுமே சிக்கல் என்று நினைத்திருந்தேன். திருத்திய படிவத்தைக் கொடுத்தபோது அந்த அம்மா முதலில் கேட்டது, “இது எங்க போகும், டீச்சர்?” என்றுதான். அகதிப் பதிவோடு பழகியவருக்கு எந்தத் தாளும் விசாரணைத் தாளே. இரண்டாம் பக்கத்தில் தந்தையின் வேலை, முந்தைய முகவரி எல்லாம் கேட்டிருந்தோம். உடல்நலத்துக்கு அவை எதற்கு என்று எங்களுக்கே தெரியவில்லை. எடுத்துவிட்டோம். படிவம் யார் கையில் இருக்கும் என்பதை மேலே ஒரு வரியில் எழுதினோம். அதைப் படித்துவிட்டு அவர், பையனுக்கு ஒன்றாம் வகுப்பில் செங்கண்மாரி வந்ததையும் தாமாகவே எழுதித் தந்தார்.