கலந்து வாழும் கிராமத்தில் நம்பிக்கையும் களவும்

நீர் இறைக்கும் மோட்டர் ஒன்று இரவோடிரவாகக் காணாமற் போகின்றது. விடிந்ததும் கிணற்றடியில் பத்துப் பேர் கூடிவிடுவர். மோட்டர் எப்போது போனது, கடைசியாகப் பூட்டியது யார், உழவு யந்திரத் தடம் ஏதும் கிடக்கின்றதா என்று கேட்பதற்கு முன்பே ஒரு சொல் வந்து விழும்: "உந்தப் புதுச் சனம் வந்த பிறகுதான் உதெல்லாம்." அந்தப் புதுச் சனம் யார் என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். கிளிநொச்சியின் மேட்டுக் காணிகளில் மலையகத்திலிருந்து வந்தவர்கள். மல்லாவியில் ஒரு காலம் யாழ்ப்பாணத்தார். முள்ளியவளைப் பக்கத்தில் 1990இல் விரட்டப்பட்டு, பல்லாண்டு கழித்துத் திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்கள். வவுனியாவின் எல்லைக் கிராமங்களில் சிங்களவர். ஆட்கள் மாறுவர், சொல் மட்டும் மாறுவதில்லை.

நாமும் இத்தகைய கிணற்றடிகளில் நின்றிருக்கின்றோம். எம்முள் சிலர் அந்தச் சொல்லைச் சொன்னவர்கள். சிலர் அது தம்மீது விழக் கேட்டவர்கள். ஒரு போகத்தில் சொன்னவரே அடுத்த போகத்தில் வேறோர் ஊரின் மரநிழலில் தறப்பாள் கட்டி இருந்துகொண்டு அதைக் கேட்க நேர்ந்ததும் உண்டு. ஆகவே இதைப் பொறுமையாக ஆராய்வது எமக்குப் பயனுள்ளது.

முதலில் இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்வோம். வேறு வேறு இனத்தவர் கலந்து வாழ்ந்தால் ஒருவரையொருவர் நம்புவது குறையுமா? கலந்து வாழ்ந்தால் களவும் அடிதடியும் கூடுமா? கிணற்றடியில் இவை இரண்டும் ஒன்றாகவே பேசப்படுகின்றன. விடைகள் ஒன்றல்ல.

வெளியுலகம் கண்டது

முதற் கேள்வியைப் பெரிய அளவில் எழுப்பியவர் அமெரிக்காவின் ஹார்வாட் பல்கலைக்கழகப் பேராசிரியர் றொபேட் புட்னம். 41 இடங்களில் ஏறத்தாழ 30,000 பேரிடம் திரட்டிய விடைகளைக் கொண்டு 2007இல் அவர் வெளியிட்ட முடிவு பலரைச் சங்கடப்படுத்தியது. பல இனத்தவர் கலந்து வாழும் இடங்களில் மக்கள் மற்ற இனத்தவரை மட்டுமன்றித் தம் இனத்தவரையுங்கூடக் குறைவாகவே நம்பினர். ஆமை ஓட்டுக்குள் தலையை இழுப்பதுபோல் ஒடுங்கிக்கொண்டனர் என்றார். இது காலப்போக்கில் மாறக்கூடியது என்றும் அவரே கூறியிருந்தார். ஆயினும் அந்தப் பகுதியைப் பலர் வாசிக்கவில்லை. 2015இல் வேறிரு ஆய்வாளர் அதே விடைகளைத் திரும்ப ஆராய்ந்தபோது, நம்பிக்கைக் குறைவின் பெரும்பங்கு கலப்பினால் வந்ததன்று, அங்கு வாழ்வோரின் பொருளாதார நிலை முதலியவற்றால் வந்தது எனக் கண்டனர். 2020இல் பல நாடுகளைச் சேர்ந்த 87 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தவர்களின் முடிவு இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றது: கலப்பு உள்ள இடத்தில் நம்பிக்கை சற்றுக் குறைவுதான், ஆனால் அந்தக் குறைவு சிறியது. அயலவர்மீதுள்ள நம்பிக்கையிலேயே அது கூடுதலாகத் தெரிகின்றது. இதை மறைப்பதில் பயனில்லை.

களவு, வன்முறை பற்றிய இரண்டாவது கேள்விக்குச் சிக்காகோ நகரில் நடந்த ஆய்வு ஒன்று உதவுகின்றது. றொபேட் சாம்சனும் அவருடன் சேர்ந்தவர்களும் அந்நகரின் 343 அயல்களில் 8,782 பேரைச் சந்தித்தனர். இன வெறுப்பைப் பற்றி அல்ல, சாதாரணமான விடயங்களைக் கேட்டனர். பிள்ளைகள் பள்ளிக்கு ஒளித்துச் சந்தியில் நின்றால் அயலவர் யாராவது கேட்பாரா? 1997இல் வெளியான முடிவு இது: ஒரேயளவு வறுமை உள்ள இரு அயல்களை எடுத்தாலும், ஒருவரையொருவர் நம்பித் தட்டிக் கேட்கும் வழக்கம் உள்ள அயலில் வன்முறை குறைவு. அந்த வழக்கத்தைக் கெடுப்பவற்றுள் இரண்டைக் குறிப்பிடலாம். ஓரிடத்தில் வறுமை குவிந்து கிடப்பது ஒன்று. குடும்பங்கள் அடிக்கடி இடம் மாறுவது மற்றது. இடம் மாறுவதைப் பற்றி எமக்கு எவரும் பாடம் சொல்லித் தரத் தேவையில்லை.

எமது நிலைக்கு மிக நெருங்கியது கென்யா நாட்டின் மேற்கிலுள்ள புசியா மாவட்டத்தில் நடந்த ஆய்வு. அங்கு லூயா, தெசோ, லுவோ முதலிய இனங்கள் வாழ்கின்றன. பள்ளிக்கூடத்துக்கும் பொதுக் கிணற்றுக்கும் ஊரார் காசு போட்டுப் பராமரிக்க வேண்டும். கலந்து வாழும் இடங்களில் பள்ளிக்குச் சேர்ந்த காசு குறைவு. கிணறுகளின் பராமரிப்பும் மோசம். ஏன்? அங்குள்ள மக்கள் கெட்டவர்கள் என்பதால் அல்ல. காசு கட்டாதவரை யார் கேட்பது என்பதே சிக்கல். தன் இனத்தவன் என்றால் தகப்பனிடம் சொல்லலாம், மாமனிடம் சொல்லலாம், கலியாண வீட்டில் வைத்து வெட்கப்படுத்தலாம். வேற்றினத்தவனைக் கேட்கப் போனால் அது இனச் சண்டையாகிவிடும் என்ற பயம். அதனால் எவரும் கேட்பதில்லை. கேட்காததால் கட்டாதவர் தொகை கூடியது.

இங்கே ஒரு நல்ல செய்தியும் உண்டு. எல்லையின் மறுபக்கத்து நாடான தன்சானியாவின் மேயாத்து மாவட்டத்திலும் பல இனங்கள் கலந்தே வாழ்கின்றன. ஆனால் அங்கு கலப்பினால் அத்தகைய குறைவு காணப்படவில்லை. சனாதிபதி நைரேரே காலத்திலிருந்து எல்லோருக்கும் சுவாகிலி மொழி, எல்லோருக்கும் ஒரே கிராம சபை என்ற வழி பின்பற்றப்பட்டதே அந்த வேறுபாட்டுக்குக் காரணம் என 2004இல் இதை எழுதிய ஆய்வாளர் கருதினார்.

ஒரே இனமாக இருந்தபோது நடந்தது

"எல்லோரும் ஒரே ஆக்கள் என்றால் பிரச்சினை இல்லை" என்பவர்களுக்கு எமது சொந்த வரலாறே மறுமொழி சொல்லும்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. 1996இல் அவர்களுட் பெருந்தொகையானோர் கிளாலிக் கடலால் வன்னிக்கு வந்தனர். அதே ஆண்டில் கிளிநொச்சியும் இடம்பெயர்ந்தது. அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி, புதுக்குடியிருப்பு எல்லாம் நிறைந்தன. வந்தவரும் இருந்தவரும் தமிழர், ஒரே மொழி, பெரும்பாலும் ஒரே வழிபாடு. ஆயினும் என்ன நடந்தது? ஒரு குடும்பத்துக்கு இருந்த கிணற்றில் இருபது குடும்பம் அள்ளியது. வைகாசியில் தண்ணீர் சேறானது. நாட்கூலி விழுந்தது, குறைந்த கூலிக்கு வரப் பலர் இருந்ததால். விறகுக்கும் தடிக்கும் காடு பின்வாங்கியது. நிவாரண அட்டை உள்ளவரைப் பார்த்து இல்லாதவர் முகம் சுளித்தார். தோட்டத்தில் மரவள்ளி இரவில் கிளப்பப்பட்டது.

அப்படி மரவள்ளி போன ஓர் ஊரில் எம்மவர் சிலர் காவல் இருந்தனர். சந்தேகம் முழுவதும் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த குடும்பங்கள்மீது. நான்காம் இரவு அகப்பட்டவர் தோட்டக்காரரின் சொந்த மருமகன். கதை அமுங்கிப் போயிற்று. பள்ளிக்கூடத்துக்குப் போய் மன்னிப்புக் கேட்டவர் எவருமில்லை, நாம் உட்பட. வந்தவர்களுள் களவெடுத்தவர் இல்லவே இல்லை என்றும் சொல்லமாட்டோம். பிள்ளை பசியில் அழும்போது பிறர் தோட்டத்து வேலி பெரிதாகத் தெரியாது. அது பசியின் கணக்கு, ஊரின் கணக்கன்று.

புத்தளத்திலும் இதுவே நிகழ்ந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களை அங்குள்ள முஸ்லிம்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்து ஏற்றனர், சமைத்துக் கொடுத்தனர். மொழி ஒன்று, மார்க்கம் ஒன்று. ஆண்டுகள் செல்லச் செல்லக் காணி, வேலை, பாடசாலை இடம் என்று போட்டி வந்தது. "அகதி" என்ற சொல் வசைச்சொல் ஆனது. அதே பேச்சு, அதே தொழுகை. ஆயினும் இரு சமூகங்கள்.

மறுபக்கமாக, ஒரே இனம் என்று நாம் சொல்லிக்கொள்ளும் இடத்திலேயே நாம் வேலி போட்டதும் உண்டு. 1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களை வன்னி ஏற்றது உண்மை. ஆனால் அவர்களுட் பலருக்குக் கிடைத்தது வாய்க்கால் எட்டாத மேட்டுக் காணியும் மற்றவரின் வயலில் கூலி வேலையும். தோட்டக்காட்டார் என்ற பட்டம் மூன்றாம் தலைமுறைவரை ஒட்டிக்கொண்டது. போர் முடிந்தபின் வீட்டுத்திட்டத்துக்குக் காணிப் பத்திரம் கேட்கப்பட்டபோது, நாற்பது ஆண்டாகக் காடு வெட்டி இருந்தவரின் கையில் பத்திரம் இருக்கவில்லை. இன்று கசிப்பு, மணற் களவு, மரக்கடத்தல் பற்றி வன்னி முழுவதும் முறைப்பாடு உண்டு. 2012 குடிசன மதிப்பீட்டில் கிளிநொச்சி மாவட்டம் ஏறத்தாழ முழுவதும் தமிழர். ஆற்று மணலை இரவில் ஏற்றிச் செல்ல அங்கு பிற இனத்தவர் வரவேண்டியிருக்கவில்லை.

எப்படிக் கலந்தார்கள் என்பதும் ஒரு கேள்வி

கலப்பு என்றால் எல்லாக் கலப்பும் ஒன்றல்ல. கென்ற் பண்ணை, டொலர் பண்ணை என்ற பெயர்கள் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். காந்தீயம் இயக்கத்தின் உதவியுடன் மலையகக் குடும்பங்கள் அங்கு குடியேறியிருந்தன. 1984இல் அவர்கள் வெளியேற்றப்பட்டுச் சிங்களக் கைதிகளும் அவர்தம் குடும்பங்களும் கொண்டுவந்து இருத்தப்பட்டனர். அவ்வாண்டு நவம்பர் 30ஆம் திகதி புலிகள் இரு பண்ணைகளையும் தாக்கினர். பெண்களும் பிள்ளைகளும் கூட மாண்டனர். அடுத்து ஒதியமலையில் தமிழ் ஆண்கள் கொல்லப்பட்டனர். இதைக் காட்டி "கலந்தால் இரத்தம்தான்" என்பது தவறு. ஒருவரின் காணியைப் பறித்து, அதில் இன்னொருவரைத் துப்பாக்கி நிழலில் இருத்துவதை அயல்வாழ்வு என்று அழைக்க முடியாது.

இதற்கு நேர்மாறானது கல்லோயா. அதுவும் குடியேற்றத் திட்டமே. 1956 யூன் மாதம், சுதந்திரத்துக்குப் பிந்திய முதற் பெரிய இனக்கலவரம் நிகழ்ந்த இடங்களுள் அதுவும் ஒன்று. இடதுகரை வாய்க்காலின் தலைப்பகுதியில் சிங்களக் கமக்காரர், கடைப்பகுதியில் தமிழ்க் கமக்காரர். தலைப்பில் இருப்பவர் துருசை உடைத்து விட்டுக்கொள்வதும் கடையில் இருப்பவர் வயல் காய்வதும் வழமை. இரணைமடுவின் கீழ் கடைவாய்க்காலில் வயல் செய்தவருக்கு இது விளங்கும், அங்கு இரு பக்கமும் தமிழராக இருந்தாலும்.

1980களின் தொடக்கத்தில் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து அங்கு ஒரு முயற்சியை ஆரம்பித்தன. இளைஞர்கள் ஊருக்குள் சென்று தங்கினர். அவர்கள் முதலில் தலைவர், செயலாளர் தெரிவு நடத்தவில்லை. ஒரு வயல் வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சும் பத்து இருபது பேரைக் கூட்டி வாய்க்காலைத் துப்புரவாக்க வைத்தனர். பின்னர் முறை வைத்துத் தண்ணீர் விட்டனர். தாமே மிச்சம் பிடித்த தண்ணீரைக் கீழுள்ளவருக்கு அனுப்பினர். பிறகுதான் சங்கம் வந்தது. (எமது பக்கத்தில் பெரும்பாலும் சங்கம் முதலில், பெயர்ப்பலகை அடுத்தது, வாய்க்கால் கடைசி.)

அதன் பலன் 1997 சிறுபோகத்தில் தெரிந்தது. பிரதான குளத்தில் நெல்லுக்குப் போதிய தண்ணீர் இல்லை என்று அதிகாரிகள் கூறினர். கமக்காரர் அமைப்புகள் இறுக்கமாக முறை வைத்து, தலைப்பகுதியாரும் கடைப்பகுதியாரும் பகிர்ந்து, சுமார் 65,000 ஏக்கரில் நெல் செய்து வழமையிலும் நல்ல விளைச்சல் எடுத்தனர். வடக்கில் ஜெயசிக்குறு சண்டை நடந்துகொண்டிருந்த அதே ஆண்டில், சிங்களக் கமக்காரரின் மடையைத் தாண்டித் தமிழ்க் கமக்காரரின் வயலுக்குத் தண்ணீர் போயிற்று. ஒருவரையொருவர் நேசித்ததால் அது நடந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. முறை எது என்பது இரு பக்கத்தாருக்கும் தெரிந்திருந்தது. முறை தவறினால் யார் யாரிடம் கேட்பது என்பதும் தெரிந்திருந்தது. கென்யாவின் கிணற்றில் இல்லாமற் போனது அதுதான்.

எமது கிணற்றடிக்குத் திரும்பினால்

மோட்டர் களவு போன ஊரில் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. இரவுக் காவலுக்கு இருவரை விடும்போது பழைய குடும்பத்தில் ஒருவரையும் புதிய குடும்பத்தில் ஒருவரையும் சேர்த்து விடலாம். இது ஒற்றுமைக்கான அலங்காரம் அன்று. இருவரும் சேர்ந்து பார்த்ததை ஊர் முழுவதும் ஏற்கும், ஒரு பக்கத்தார் மட்டும் பார்த்ததை மறுபக்கம் ஏற்காது. தண்ணீர் முறையையும் கட்டாக்காலி மாட்டுக்கான தண்டத்தையும் எழுதி ஒட்டலாம். வவுனியாவின் கலப்புக் கிராமங்களில் இரு மொழியிலும் ஒட்ட வேண்டும். தண்டம் கட்டும் முதல் ஆள் சங்கத் தலைவரின் உறவினராக இருந்தால் இன்னும் நல்லது. அதன்பின் எவரையும் கேட்கலாம். பொலிஸில் முறைப்பாடு செய்யும்போது கண்டதை மட்டும் எழுதுவிக்க வேண்டும். "சந்தேகம்" என்று ஓர் இனத்தின் பெயரைச் சொல்லிவிட்டால், உண்மைக் கள்ளன் அன்றிரவே நிம்மதியாக நித்திரை கொள்வான்.

அடுத்த மாதக் கூட்டத்தில் பேசுவதற்கு இவற்றை எடுக்கலாம். கடந்த மூன்று ஆண்டில் எமது ஊரில் போன பொருட்கள் எவை, அவற்றுள் கள்ளன் உண்மையில் அகப்பட்டவை எத்தனை, அகப்பட்டவர் எவ்விடத்தார்? பழி சுமத்தப்பட்டுப் பின்னர் குற்றமில்லை எனத் தெரிந்தவரிடம் யாராவது போய்ச் சொன்னோமா? கமக்காரர் அமைப்பின் உறுப்பினர் பதிவேட்டையும் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். ஊருக்குக் கடைசியாக வந்த ஐந்து குடும்பங்களின் பெயர் அதில் இருக்கின்றதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், அவர்களுள் யாரையாவது கூட்டத்துக்கு அழைத்து வர யார் போவது என்பதை அன்றைக்கே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.