அரிசி வண்டும் அதன் பகைவனும்

சுளகிற் பரப்பிய அரிசியிற் கூன்வண்டு ஊர்வதைக் கண்ட பின்னரே, "வண்டு விழுந்துவிட்டது" என்கிறோம். அஃது உண்மையிற் காலங்கடந்த கூற்றாகும். லின்னேயசு 1763ஆம் ஆண்டிற் பெயரிட்ட இவ்வண்டின் பெண், துதிக்கை போன்ற தன் மூக்கால் அரிசி மணியிற் குழி தோண்டி, ஒரு முட்டையிட்டு, பசையால் அதன் வாயை அடைத்துவிடுகின்றது. குடம்பியும் கூட்டுப்புழுவும் மணிக்குள்ளேயே வளர்கின்றன. எமது வெப்பத்திலும் ஏறத்தாழ 5 வாரங்களின் பின்னரே வண்டு வெளிவரும். ஆதலின், அரிதட்டில் வீழ்ந்தவற்றை மாத்திரம் எண்ணுவோர் பகையின் ஒரு கூற்றையே எண்ணுகின்றனர்.

சிலவேளை வண்டுகளோடு, சிறகு முளைத்த எறும்பையொத்த கரிய சிற்றுயிரொன்றும் வீழும். 3 மில்லிமீற்றருக்கும் குறைந்த குளவி அது. அதனையும் வண்டின் இனமெனக் கருதி நசுக்கிவிடுகிறோம்; நாமும் அப்பிழை செய்தவர்களே. அஃது அரிசியைத் தின்பதில்லை. மணியைத் துளைத்து, உள்ளிருக்கும் குடம்பியைக் கொட்டி அசைவறச் செய்து, அதனருகே முட்டையிடும். குளவியின் குஞ்சுக்கு அக்குடம்பியே உணவு. எனவே, இக்குளவி துணைவன் மட்டுமன்று, ஒற்றனுமாகும்: அது தென்படின் மணிக்குள்ளே வண்டு வளர்ந்திருக்கின்றது.

வாரந்தோறும் மேலும் நடுவும் அடியுமாக ஒரே அளவு அரிசி எடுத்து அரித்து, வண்டையும் குளவியையும் வேறுவேறாக எண்ணி எழுதுதல் வேண்டும். வண்டு பெருகிக் குளவி அருகினால், உலர்த்திப் புடைப்பதிற் தாமதம் ஆகாது. குளவி மிகுந்தாலும் தின்னப்பட்ட அரிசி மீளாது. விதைநெல்லை அதனிடம் ஒப்படைத்துவிட்டு நாம் உறங்கல் இயலாது. ஆயினும், கண்டவுடன் மருந்து தெளிப்போர் ஒன்றை எண்ணுக: வெளியே திரியும் குளவி மடிய, மணிக்குள் அடைபட்ட குடம்பி தப்பிவிடும்.