நாகைத் துறைமுகமும் வழிபாட்டிடங்களும்

நுழையும்முன்

பாய்மரக் கப்பல்களின் காலத்தில், கரைசேர்ந்த வணிகர்கள் பருவக்காற்று திசைமாறும்வரை பல மாதங்கள் காத்திருந்தனர். அந்நாள்களில் அவர்களுக்குத் தங்கவும் தொழவும் இடம் தேவைப்பட்டது. பழந்துறைமுகங்களில் பல சமயத்தாரின் வழிபாட்டிடங்கள் அருகருகே எழுந்தமைக்கு இஃதொரு காரணம். அதற்குச் சான்றாய் நிற்பது நாகப்பட்டினம்.

பழம்பதி

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் மத்தியதரைக் கடற்கரை நகரமான அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி, 'நிகமா' என்றொரு நகரைக் குறிப்பிடுகிறார். அது நாகையே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இங்குள்ள காயாரோகணேசுவரர் கோவில் தேவார மூவராலும், சௌந்தரராசப் பெருமாள் கோவில் திருமங்கையாழ்வாராலும் பாடப்பெற்றவை.

கடாரத்து அரசனின் விகாரை

கடாரத்தையும் ஸ்ரீவிசயத்தையும் ஆண்ட மாறவிசயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் நாகையில் ஒரு பௌத்த விகாரை எழுப்பினான். தஞ்சையில் சிவபெருமானுக்குப் பெருங்கோவில் கட்டிய முதலாம் இராசராசன், அவ்விகாரைக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை வழங்கினான். தந்தையின் அக்கொடையை முதலாம் இராசேந்திரன் செப்பேட்டில் பொறிக்கச் செய்தான். 21 ஏடுகள் கொண்ட அச்சாசனம் பிற்காலத்தில் நெதர்லாந்தின் லைடன் நகரைச் சேர்ந்தமையால் 'லைடன் செப்பேடு' எனப்படுகிறது.

கி.பி. 1025-ஐ ஒட்டி அதே இராசேந்திரனின் கடற்படை கடாரத்தை வென்றது. போருக்குப் பின்னரும் விகாரை அழியவில்லை. கி.பி. 1090-இல் முதலாம் குலோத்துங்கன், விகாரைக்குரிய ஊர்களுக்கு வரிவிலக்கு அளித்ததைச் சிறிய லைடன் செப்பேடு கூறுகிறது. அரசுகள் பகைத்தபோதும் அறக்கொடை தொடர்ந்தது.

நாகூரும் வேளாங்கண்ணியும்

நாகைக்கு வடக்கே, பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த சாகுல் அமீது ஆண்டவரின் தர்கா உள்ளது. அதன் ஐந்து மினாராக்களுள் மிக உயர்ந்தது, தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப சிங் கட்டுவித்தது. உயரம் 131 அடி. தெற்கே வேளாங்கண்ணியில் உள்ள மாதா பேராலயத்தின் மரபுக்கதை, புயலில் தப்பிக் கரைசேர்ந்த போர்த்துக்கீசிய மாலுமிகளை நினைவுகூர்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், கடல்கடந்து சென்ற தமிழ் முசுலிம்கள் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூர் ஆண்டவருக்கு நினைவிடங்கள் அமைத்தனர். பினாங்கு, பண்டைய கடாரக் கரையை ஒட்டிய தீவாகும். அக்கரையின் அரசன் நாகையில் விகாரை எழுப்பினான்; நாகைக் கரையின் மக்கள் அங்கே நாகூராரின் நினைவிடத்தை எழுப்பினர். கடல்வழி இருபுறமும் திறந்தே இருந்தது.

இழந்ததும் எஞ்சியதும்

நாகையில் பௌத்தக் கட்டடத்தின் எச்சமாக நின்ற செங்கற் கோபுரத்தை மக்கள் 'புதுவெளிக் கோபுரம்' என்றனர். மாலுமிகளுக்குக் கரையைக் காட்டிய அக்கோபுரம், 1867-இல் ஆங்கிலேய அரசின் இசைவோடு இடிக்கப்பட்டது. இன்று அதன் உருவத்தை வால்டர் எலியட் வெளியிட்ட ஓவியத்தின் வழியே அறிகிறோம். நாகை மண்ணிலிருந்து கிடைத்த 300-க்கும் மேற்பட்ட புத்தச் செப்புத் திருமேனிகளுள் பல சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உள்ளன.

வழிபடுவோர் உள்ள இடத்தை அவர்தம் பற்று காக்கிறது. வழிபடுவோர் அற்றுப்போன இடத்தைக் காக்க வரலாற்றுணர்வு ஒன்றே உண்டு. அவ்வுணர்வு குன்றிய காலத்தில், எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்த பௌத்தத் தடம் நாகைக் கரையிலிருந்து மறைந்தது.

கற்பவை கற்றபின்

1. வேலூர்க் கோட்டைக்குள் சலகண்டேசுவரர் கோவிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் உள்ளன. துறைமுகமல்லாத அவ்வூரில் மூன்றும் அமைந்த காரணத்தை ஆராய்ந்து கட்டுரை எழுதுக.

2. உங்கள் ஊரில் வழிபாடின்றிச் சிதைந்துவரும் தொன்மையிடம் ஒன்றைக் கண்டறிந்து, அதனைக் காக்கும் வழிகளை வகுப்பறையில் கலந்துரையாடுக.