சுனச்சேபன் கதையில் வசிட்டரும் விசுவாமித்திரரும்

வசிட்டரையும் விசுவாமித்திரரையும் எதிரெதிர் நிற்கும் முனிவர்களாகவே தமிழ் மரபு அறியும். நல்லூர் வீரகவிராயரின் அரிச்சந்திர புராணம் அவ்விருவரின் சூளுரையிலிருந்தே விரிகின்றது. ஆயின் அதே அரசனைப் பற்றிய பழங்கதையை உரைக்கும் ஐதரேய பிராமணத்தின் 7ஆம் பஞ்சிகையில் (13–18) இருவரும் ஒரே வேள்விக்களத்தில் அமர்கின்றனர். விசுவாமித்திரர் ஹோதா, வசிட்டர் பிரமன், சமதக்கினி அத்துவரியு, அயாசியர் உத்காதா. பலியோ மனிதன்: வருணனுக்கு நேர்ந்துவிட்ட மகன் உரோகிதனுக்கு மாற்றாக 100 ஆக்களை விலையாகக் கொடுத்துப் பெற்ற சுனச்சேபன்.

இச்சேர்க்கையை இணக்கம் எனக் கொள்ளுதல் பொருந்தாது. அவனை யூபத்தில் கட்டுவதற்கு ஆள் கிடைக்கவில்லை என நூலே கூறுகின்றது. மந்திரம் ஓத நால்வர் இருந்தனர். கயிற்றைத் தொட ஒருவருமிலர். மேலும் 100 ஆக்கள் பெற்றுக் கட்டியவனும், இன்னும் 100 பெற்று வெட்டக் கத்தி தீட்டி வந்தவனும் பசியால் வாடிய அவன் தந்தை அசீகர்த்தனே. விலக்கப்பட்ட செயலின் பழி முழுதும் வறியவன் தலையில் இறங்குகின்றது. (நூலின் நோக்கமே அதுவாகவும் இருக்கலாம்.)

சுனச்சேபன் தேவர்களைத் துதிக்கக் கட்டுகள் அவிழ்கின்றன. உடனே இருத்துவிக்குகள் அன்றைய வேள்வியை நிறைவுசெய்து தருமாறு அவனையே வேண்டுகின்றனர். பலிப்பொருள் வேள்வியை நடத்துபவனாகிறது! அவனைத் ‘தேவராதன்’ என மகனாக ஏற்ற விசுவாமித்திரர், அதற்கு இசையாத மூத்த புதல்வர் 50 பேரைச் சபிக்கிறார். வசிட்டர் அவ்விடத்து ஒரு சொல்லும் உரைப்பதில்லை.