தாளமும் பார்க் கோடும்

கீர்த்தனைகளைக் கணினியில் எழுதும் பழக்கம் நம் மாணவரிடையே பரவி வருகின்றது. மியூஸ்கோர் போன்ற இலவச மென்பொருள்கள் இதற்குத் துணை. ஆயினும் பலர் இடறி விழுமிடம் சுரமன்று; சுரத்தைப் பகுக்கும் கோடு.

நம் சுரதாளக் குறிப்பில் ஆதி தாளத்தைப் பாருங்கள். நான்கு அட்சர லகுவின் முடிவில் ஒரு கோடு, இரண்டு அட்சரத் திருதத்தின் முடிவில் ஒரு கோடு, கடைசித் திருதம் முடிந்ததும் இரட்டைக் கோடு. எட்டு அட்சரமும் சேர்ந்து ஓர் ஆவர்த்தனம். மேலையிசையின் 'பார்' இதற்கு அண்ணன் தம்பி முறைதான். ஆனால் அங்கே பார்கள் பெரும்பாலும் சம அளவின. நம் அங்கங்கள் அப்படியல்ல.

இந்த இரண்டையும் இணைக்கும் முயற்சி புதிதன்று. 1890களிலேயே சென்னையில் சின்னசாமி முதலியார் நம் உருப்படிகளை ஐரோப்பியக் குறிப்பில் அச்சிட்டார். அவர் தூண்டுதலால் எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர் எழுதிய 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904இல் வெளிவந்தது. அதில் கமகங்களுக்கும் தனித்தனி அடையாளங்கள் உண்டு.

இனி என் அனுபவம். கல்லூரி விழாவுக்காகக் கீபோர்டு வாசிக்கும் நண்பனுக்கு ஆதி தாளக் கீர்த்தனை ஒன்றை எழுதிக் கொடுத்தேன். அதன் எடுப்பு சமத்திலிருந்து ஒன்றரை அட்சரம் தள்ளியது. நானோ முதற்சுரத்தைப் பாரின் தொடக்கத்திலேயே வைத்துவிட்டேன். ஒத்திகையில் தவில் அண்ணன் கையை நிறுத்தினார்.

"தம்பி, சமம் எங்கப்பா போச்சு?"

கொன்னக்கோலில் பெயர் பெற்ற பக்கிரியா பிள்ளையின் ஊரில் இப்படிக் கேட்கும்படி ஆயிற்றே என்று வெட்கமாக இருந்தது!

திருத்தம் எளிதே. முழுவதையும் வெட்டியெடுத்து, தொடக்கத்தில் ஒன்றரை அட்சரத்துக்கு ஓய்வுக்குறி விட்டு, அதன்பின் ஒட்டினேன். கோட்டைத் தாண்டும் கார்வைகளை மென்பொருளே இரண்டாக்கி, வளைகோட்டால் கட்டிவிடுகிறது. நம் புத்தகங்களில் கோட்டுக்குப்பின் காற்புள்ளி இடுகிறோமே, அதே வேலை.

ஆவர்த்தனத்தை எட்டின் கீழ் நான்கு என்ற ஒரே பாராக அமைப்பது நலம். ஐந்தாம், ஏழாம் அட்சரச் சுரங்களைத் தனித்தனியே தேர்ந்து, கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி விட்டுவிட்டு வரும் கோட்டைச் சொடுக்கினால் அங்கங்கள் பிரிந்து நிற்கும். மிசிர சாபுவுக்கு ஏழின் கீழ் எட்டு பொருந்தும். மூன்றும் நான்குமாகப் பிரித்துக் கொள்ளலாம்.

சமத்துக்கு முன்பே எடுக்கும் அதீத எடுப்புக்கு மட்டும் குறைப் பார் வேண்டும். பாரின் பண்புகளில் அதன் உண்மை அளவைக் குறைத்து, எண்ணிக்கையிலிருந்தும் நீக்கிவிட வேண்டும். அனாகதத்துக்கு இதைச் செய்யலாகாது. அங்கே பாட்டுத் தொடங்காவிட்டாலும் தாளம் தொடங்கிவிட்டது. அந்த வெற்றுத் தட்டு தாளில் தெரிந்தால்தான் வாசிப்பவன் காத்திருப்பான்.

திருத்திய தாளை மறுநாள் அண்ணனிடம் நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. "வாசி, கேட்போம்" என்று வாரை இழுத்துப் பூட்டத் தொடங்கினார்.