சாட்சியின் சத்தம் தெளிவாய் இருக்கட்டும்



ஒரு ஆனி மாதச் சாரலில், குற்றாலத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டில் அம்மாவுடைய சாட்சியைப் போனில் ரிக்கார்டு பண்ணினேன். அம்மாவை ஜன்னல் ஓரம் உட்கார வைத்து, போனை எட்ட இருந்த மேஜைமேல் வைத்துவிட்டேன். அடுத்த மாதமே அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். இப்போது போட்டுக் கேட்டால் காற்றும் ஃபேனும்தான் கேட்கிறது. தப்பு போன் மேல் இல்லை, என் மேல்தான்.

யோசுவா 4-ம் அதிகாரத்தில் பன்னிரண்டு கற்களை ஏன் எடுத்து வைத்தார்கள்? பின்னால் பிள்ளைகள் கேட்கும்போது சொல்லுவதற்கு. நம் பெரியவர்களின் குரலும் அப்படிப்பட்ட ஒரு கல்தான். ஹோண்டுராஸ் ஊழியத்திலிருந்து பெலவீனமாய்த் திரும்பிய ஜாய் ரிடர்ஹாஃப் என்ற சகோதரி, 1939-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் கோஸ்பல் ரிக்கார்டிங்ஸ் ஊழியத்தைத் தொடங்கினார். ஆள் போக முடியாத இடத்துக்கும் குரல் போகும் அல்லவா?

முதலாவது, இடம். மைக் வாங்குமுன் அறையைப் பாருங்கள். வெறும் சுவர் எதிரொலிக்கும். மெத்தை, போர்வை, துணிமணி உள்ள அறை நல்லது. ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்துங்கள். தகரக் கூரை என்றால் மழை விட்டபிறகு பண்ணுங்கள்.

இரண்டாவது, தூரம். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் போதும். தூரத்தைப் பாதியாக்கினால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும், அறை இரைச்சலோ கூடாது. மைக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள், 'ப' சொல்லும்போது மூச்சு மோதாது.

மூன்றாவது, மைக். கண்டென்சர் மைக் நுட்பமானது, ஆனால் தெருச் சத்தத்தையும் சேர்த்துப் பிடிக்கும். பலவற்றுக்கு 48 வோல்ட் ஃபேன்டம் பவரும் வேண்டும். சபையில் நாம் கையில் பிடிக்கிறது பெரும்பாலும் டைனமிக் மைக். அமைதியில்லாத வீட்டுக்கு அதுவே ஏற்றது. கம்ப்யூட்டர் இருந்தால் யூஎஸ்பி இணைப்புள்ளதை வாங்குங்கள், தனி இன்டர்ஃபேஸ் செலவு மிச்சம். போன் மட்டும்தானா? சட்டையில் குத்தும் காலர் மைக் போதும். உங்கள் போனில் அது சேருமா என்று கடையிலேயே செருகிப் பாருங்கள்.

நான்காவது, சோதனை. ஒரு நிமிஷம் பேசவைத்து, ஹெட்போனில் கேளுங்கள். நான் செய்யாமல் விட்டது இதைத்தான். மீட்டர் சிவப்பைத் தொட்டால் குரல் உடையும், அதைப் பிறகு சரிசெய்வது கஷ்டம். ஃபைலை வேவ் முறையில் சேமித்து, இரண்டு இடத்தில் வையுங்கள்.

நல்ல மைக் வந்தபிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதிருங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களை இந்த வாரமே பேச வையுங்கள். மைக் எப்போதும் கடையில் கிடைக்கும், அந்தக் குரல் கிடைக்காது. கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.